யுகே டிரைவிங் டெஸ்ட்: இணையத்தில் எதைப் படிப்பது, எதை விடுவது

கேள்வி கேட்டவர் கோவையில் ஒன்பது வருஷம் கார் ஓட்டியவர். மனைவியின் வேலை விசாவில் இங்கிலாந்து வந்து ஏழு மாதம் ஆகிறதாம், இன்னும் இந்திய லைசென்ஸில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். தியரி டெஸ்டுக்கு எந்த ஆப் நல்லது, தமிழில் இருக்கிற யூடியூப் வீடியோக்களைப் பார்த்தால் போதுமா, மேனுவலில் போவதா ஆட்டோமேட்டிக்கில் போவதா என்று மூன்று கேள்வி. நான் சென்னையில் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டு இங்கே வந்து, தியரியில் ஒரு தடவையும் பிராக்டிக்கலில் ஒரு தடவையும் ஊத்திக்கொண்டவன். அதற்கப்புறம் நண்பர்கள், அவர்கள் வீட்டம்மாக்கள், சொந்த மச்சான் என்று ஏழெட்டுப் பேருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பழக்கிவிட்டிருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆப்பை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காலண்டரை எடுங்கள். இந்திய லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்ட முடியும். ஆஸ்திரேலியா, ஜப்பான் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் டெஸ்ட் இல்லாமலே மாற்றிக்கொள்ளலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக உங்களுக்கு மீதி இருப்பது ஐந்து மாதம். அதற்குள் புரொவிஷனல், அதாவது இங்கத்திய பழகுநர் லைசென்ஸ் வாங்க வேண்டும், தியரி பாஸ் பண்ண வேண்டும், தியரி பாஸான பிறகுதான் பிராக்டிக்கலுக்குத் தேதியே போட முடியும், அந்தத் தேதி பல ஊர்களில் மாதக்கணக்கில் தள்ளித்தான் கிடைக்கிறது. புரொவிஷனல் வாங்கிவிட்டால் உடனே எல் போர்டு மாட்ட வேண்டுமோ என்று பயந்துகொண்டு பலர் தள்ளிப் போடுகிறார்கள். அந்த 12 மாதத்துக்குள் நீங்கள் வழக்கம்போலத் தனியாக ஓட்டலாம், எல் போர்டு தேவையில்லை. பதின்மூன்றாவது மாதம் தொடங்கினால்தான் சிக்கல்: எல் போர்டு, பக்கத்தில் 21 வயது தாண்டி மூன்று வருஷமாவது லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், அதற்குத் தனி இன்ஷூரன்ஸ். எனவே இன்று ராத்திரியே விண்ணப்பியுங்கள். ஆன்லைனில் 34 பவுண்டு. தியரிக்கு 23. பிராக்டிக்கலுக்கு வார நாளில் 62, மாலையிலும் வார இறுதியிலும் 75. இதற்கு மேல் யாராவது கேட்டால் அது அரசாங்கத்தின் இணையதளம் இல்லை. தேடும்போது மேலே விளம்பரமாக வரும் தளங்கள் அரசு முத்திரை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு ‘சேவைக் கட்டணம்’ என்று கூடுதலாகப் பிடுங்கும். நண்பர் ஒருவர் தியரிக்கு இரண்டு மடங்கு கட்டிவிட்டு வந்து, ‘பரவாயில்லையே, ஃபெயிலானால் இலவச ரீடெஸ்ட் தருகிறார்களாமே’ என்று என்னிடமே பெருமையடித்தார். முகவரி கவ் டாட் யுகே (gov.uk) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டு நம்பரைத் தட்டுங்கள்.

சரி, தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் இந்தத் தியரி டெஸ்டைத் தமிழிலேயே எழுதலாம், தெரியுமா? ஹெட்போனில் கேள்வியைத் தமிழில் வாசித்துச் சொல்வார்கள். உருது, பஞ்சாபி, போலிஷ், துருக்கி என்று மொத்தம் 19 அந்நிய மொழிகளில் அந்த வசதி இருந்தது, அதில் தமிழும் ஒன்று. பிராக்டிக்கலுக்கு மொழிபெயர்ப்பாளரையே காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். 2014 ஏப்ரலில் இரண்டையும் நிறுத்திவிட்டார்கள். சாலைப் பலகை புரியாமல் ஓட்டுவது ஆபத்து என்பது ஒரு காரணம், மொழிபெயர்க்கிறேன் என்று சொல்லிப் பதிலையே காதில் ஓதிய கதைகள் இன்னொரு காரணம். லண்டனில் பழைய ஆட்கள் பலர் ‘தமிழ்லயே எழுதலாமே’ என்று இன்னமும் சொல்வார்கள். அவர்கள் எழுதிய காலத்தில் அது உண்மை.

இப்போது ஆங்கிலம், வெல்ஷ் இரண்டே மொழி. வாசிக்கச் சிரமப்படுபவர்கள் பதிவு செய்யும்போதே ஆங்கிலக் குரல் கேட்டு வாங்கலாம். அதனால் தமிழ் வீடியோக்களைப் பற்றி என் கருத்து இதுதான்: எப்படிப் பதிவு செய்வது, சென்டரில் என்ன நடக்கும், லாக்கரில் போனை வைக்கச் சொல்வார்களா என்பது மாதிரி விஷயங்களுக்கு அருமையானவை. பாடத்துக்கு அவற்றை நம்பினால் கடைசியில் திரையில் வரும் சொல்லைப் பார்த்து முழிப்பீர்கள். ‘நடைபாதை ஓரம்’ என்று புரிந்துவைத்திருப்பீர்கள், திரையில் ‘கெர்ப்’ என்று வரும். ‘வெர்ஜ்’, ‘ஹார்டு ஷோல்டர்’, ‘கான்ட்ராஃப்ளோ’, ‘டூயல் கேரேஜ்வே’, ‘லெவல் கிராசிங்’ எல்லாம் ஊரில் நாம் வாயில் போட்டுப் புழங்காத சொற்கள். என் மச்சான் நல்ல ஆங்கிலம் பேசுகிறவன், ‘டூயல் கேரேஜ்வே’ என்றால் இரண்டு லேன் உள்ள சாலை என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். அது லேன் கணக்கு கிடையாது. எதிரெதிர் திசைகளுக்கு நடுவே தடுப்போ புல்தரையோ இருந்தால்தான் டூயல். இந்த வித்தியாசத்தில் காருக்கான பொது வேக வரம்பே 60 மைலிலிருந்து 70 மைலாக மாறுகிறது.

அப்புறம் அந்தப் பறவைச் சரணாலயம். பாதசாரிகள் கடக்கும் இடங்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பெலிகன், பஃபின், டூகன். வேடந்தாங்கல் போல ஆரம்பித்துக் கடைசியில் குதிரைக்காரர்களுக்காகப் பெகாசஸ் என்று பறக்கும் குதிரையில் முடியும். டூகனில் மட்டும் நடப்பவரும் சைக்கிள்காரரும் சேர்ந்து கடக்கலாம். ‘இருவராலும் முடியும்’ என்பதுதான் அந்தப் பெயரில் ஒளிந்திருக்கும் சிலேடை. பெலிகனில் மஞ்சள் விளக்கு மினுக்கும், அப்போது ஆள் கடந்துகொண்டிருந்தால் நிற்க வேண்டும், இல்லையென்றால் போகலாம். பஃபினில் மினுக்கும் மஞ்சளே கிடையாது. இதில் ஒரு கேள்வியாவது வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டியதில் முதலாவது ஹைவே கோட், அதாவது இங்கத்திய சாலை விதிகளின் அரசுப் புத்தகம். கவ் டாட் யுகேவில் முழுதும் இலவசமாகவே இருக்கிறது, 307 விதிகள். ‘போக்குவரத்துச் சின்னங்களை அறிந்துகொள்ளுங்கள்’ என்கிற தனிப் புத்தகமும் அங்கேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். கதைப்புத்தகம் போல ஒரே மூச்சில் படிக்க முயன்று ஐம்பதாவது விதியில் தூங்கிவிடாதீர்கள். நான் செய்தது, ஒவ்வொரு விதியிலும் ‘மஸ்ட்’ என்று தடித்த எழுத்தில் இருக்கிறதா, ‘ஷுட்’ என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். முன்னது சட்டம், மீறினால் குற்றம். பின்னது அறிவுரை, ஆனால் விபத்து வழக்கில் உங்களுக்கு எதிராக எடுத்துக் காட்டலாம். இந்த ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தால் புத்தகம் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஊரில் ஓட்டியவர்களுக்கென்று சில விதிகள் இருக்கின்றன, அதாவது நம் கையும் காலும் ஏற்கெனவே வேறு மாதிரி பழகிவிட்ட இடங்கள். ஹெட்லைட்டை அடித்துக் காட்டுவது ஒன்று. நம் ஊரில் அதற்கு ‘நான் வர்றேன், நீ வராதே’ என்று அர்த்தம். இங்கே தெருவில் ஆட்கள் அடித்தால் ‘நீங்க போங்க’ என்று அர்த்தம். 110-வது விதியோ ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தெரிவிப்பதற்கு மட்டும்தான், வேறு எந்தச் செய்திக்கும் கிடையாது என்கிறது. தியரியில் எழுத வேண்டியது இந்த விதி சொல்லும் அர்த்தத்தை. ஹாரனும் அப்படித்தான். ‘சவுண்ட் ஹார்ன்’ என்று லாரியின் முதுகிலேயே எழுதிவைத்திருக்கும் நாட்டிலிருந்து வருகிறோம். இங்கே குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பதினொன்றரையிலிருந்து காலை 7 வரை அடிக்கவே கூடாது, வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் கூடாது, யாராவது வந்து மோதப்போகிறார்கள் என்றால் ஒழிய. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் இருந்தால் 122-வது விதியை இரண்டு தடவை படியுங்கள்.

இனி ஆப். தியரியின் முதல் பகுதியில் 50 கேள்வி, 57 நிமிடம், 43 சரியாக இருந்தால் பாஸ். இந்தக் கேள்விகளைத் தயாரிப்பதும் டெஸ்டை நடத்துவதும் டிவிஎஸ்ஏ என்கிற அரசு அமைப்பு. அவர்களே ஒரு தியரி டெஸ்ட் கிட் ஆப் போட்டிருக்கிறார்கள், சில பவுண்டுகள்தான், நான் அதைத்தான் சொல்வேன். இலவச ஆப்கள் நிறையவே இருக்கின்றன, விளம்பரம் குறுக்கே பாய்வதைத் தவிரப் பலவும் மோசமில்லை, ஆனால் ‘நிஜத் தேர்வில் வரும் அதே கேள்விகள்’ என்று சொல்கிற ஆப் என்றால் அப்படியே மூடிவிடுங்கள். 2012 ஜனவரியிலிருந்து நிஜக் கேள்விகளை டிவிஎஸ்ஏ வெளியே விடுவதே இல்லை. எல்லா ஆப்பிலும் இருப்பது பயிற்சிக் கேள்விகள்தான். வரிசையை மனப்பாடம் பண்ணி ‘சி, ஏ, ஏ, டி’ என்று தட்டிப் பழகியவர்கள், கேள்வியை லேசாக மாற்றிக் கேட்டதும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காசு செலவழிக்க மனமில்லையா, உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் ஒரு கார்டு வாங்குங்கள். இங்கே பல கவுன்சில்களின் நூலகங்கள் ‘தியரி டெஸ்ட் புரோ’ என்கிற பயிற்சித் தளத்தை உறுப்பினர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டிருக்கின்றன. நூலகக் கார்டும் இலவசம்தான். வீட்டிலிருந்தே கார்டு எண்ணைப் போட்டு உள்ளே போகலாம், ஆபத்தைக் கண்டுபிடிக்கும் பகுதிக்கான ஹசார்டு கிளிப்புகளும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) இருக்கும். இதை யாருமே சொல்வதில்லை. எனக்குமே பையனுக்குக் கதைப்புத்தகம் எடுக்கப் போன இடத்தில், அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். கவ் டாட் யுகேவிலும் இலவச மாதிரித் தேர்வு இருக்கிறது, முதலில் அதில் ஒரு முறை எழுதி எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

கேள்விகளில் எல்லோரும் அலறுவது நிறுத்தும் தூரம். ஆறு எண்களை மனப்பாடம் செய்யாமல் இப்படிப் போடுங்கள்: 20 மைலுக்கு 2-ஆல் பெருக்கு, 30-க்கு 2.5, 40-க்கு 3, அப்படியே அரை அரையாகக் கூட்டிக்கொண்டே போய் 70-க்கு 4.5. வருகிற விடை அடியில் இருக்கும். 30 மைலுக்கு 75 அடி, அதாவது 23 மீட்டர். 70-க்கு 315 அடி, 96 மீட்டர். கோவைக்காரர் நீங்கள், கிலோமீட்டரில் யோசிப்பவர், அதனால் இன்னொன்று: 70 மைல் என்பது ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் முன்னால் போகிற வண்டிக்கு ஒட்டினாற்போல் நாம் ஊரில் எத்தனை தடவை போயிருப்போம் என்று யோசித்தால் எனக்கு இப்போது வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் நம் ஆட்களை உண்மையில் கவிழ்ப்பது இரண்டாவது பகுதி, ஹசார்டு பெர்செப்ஷன். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போல ஓடும் 14 வீடியோ, காரின் முன்கண்ணாடி வழியே சாலை தெரியும், ஆபத்து உருவாகும் கணத்தில் மவுஸைத் தட்ட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தட்டுகிறோமோ அதற்கேற்ப ஐந்திலிருந்து கீழே இறங்கும். ஒரு வீடியோவில் மட்டும் இரண்டு ஆபத்து, ஆக மொத்தம் 75, பாஸுக்கு 44. நான் முதல் தடவை கேள்வியில் 47 வாங்கினேன், இதில் 39. இரண்டும் ஒரே நாளில் பாஸாக வேண்டும், ஒன்று போனால் இரண்டும் போச்சு, 23 பவுண்டும் சேர்த்து. பதினோரு வருஷம் ஓட்டினவனுக்கு ஆபத்தைப் பார்க்கத் தெரியவில்லையா என்று அன்றைக்கு முழுக்கக் கோபம்.

வீட்டுக்கு வந்து ஆப்பில் அதே மாதிரி கிளிப்புகளைப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு குறுகலான தெரு, இடப்பக்கம் ஒரு வேன் நிற்கிறது, அதன் பின்கதவு திறந்திருக்கிறது. ஊர்க்காரனான என் மூளை என்ன சொல்கிறது? ‘ஆள் இருக்கான், ஆனா நம்ம வண்டி வர்றதைப் பார்த்து ஒதுங்கிக்குவான்.’ அவன் பெட்டியோடு சாலையில் கால் வைத்து முழு உடம்பும் வெளியே வந்த பிறகுதான் தட்டினேன். மதிப்பெண் 1. வடபழனி சிக்னலில் ஓட்டியவனுக்கு அது ஆபத்தே கிடையாது, சாதாரணச் செவ்வாய்க்கிழமை. அடுத்த கிளிப்பில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. தூரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் பந்தோடு நிற்கிறான், அப்போதே தெரிந்துவிட்டது இவன் ஓடி வருவான் என்று, உடனே தட்டிவிட்டேன். மதிப்பெண் சைபர். மதிப்பெண் தரும் நேரம் அதற்கு அப்புறம்தான் திறக்கிறது. ஓரமாக நிற்கிற கார் வெறும் கார். அது வலது இண்டிகேட்டரைப் போட்டு நகரத் தொடங்கும்போதுதான் அவர்கள் கணக்கில் ‘உருவாகும் ஆபத்து’, அதாவது நாம் வேகத்தையோ திசையையோ மாற்ற வேண்டிய நிலை. அதனால் முதலில் கண்ணில் பட்டதும் ஒரு தட்டு, அது அசையத் தொடங்கியதும் இன்னொரு தட்டு என்று பழகுங்கள். பயத்தில் தாளம் போடுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருந்தால் அந்தக் கிளிப்புக்கே சைபர் போட்டுவிடும் மென்பொருள்.

இதற்கு ஆப்பைவிட எனக்கு உதவியது டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியில் முன் சீட்டு. வேலைக்குப் போகும் இருபது நிமிடமும், கண்ணில் படுவதை மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்: ‘வெள்ளைக் கார், உள்ளே ஆள் இருக்கு, முன்சக்கரம் திரும்புது. வலப்பக்கம் சந்து, அதில் சைக்கிள். நாய், கயிறு நீளமா இருக்கு.’ மூன்று வாரம் கழித்து எழுதியபோது 58. அதில் ஒன்றும் மாயமில்லை, எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். டிவிஎஸ்ஏவின் யூடியூப் சேனலில் இந்தப் பகுதியை விளக்கும் சின்ன வீடியோ ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

எந்த வீடியோவாக இருந்தாலும் தேதியைப் பாருங்கள். 2017 டிசம்பருக்கு முந்தைய பிராக்டிக்கல் வீடியோக்களில் மூலையைச் சுற்றி ரிவர்ஸ் எடுப்பதையும் மூன்று திருப்பத்தில் வண்டியைத் திருப்புவதையும் மணிக்கணக்காகச் சொல்லித் தருவார்கள். இரண்டும் டெஸ்டிலிருந்து போய்விட்டன. அவற்றுக்குப் பதில் சாட்நாவ் என்கிற வழிகாட்டும் கருவியைப் பார்த்து ஓட்டுவதும், சாலையின் வலது ஓரத்தில் நிறுத்தி இரண்டு கார் நீளம் பின்னால் போவதும் வந்தன. 2020 செப்டம்பருக்கு முந்தைய தியரி வீடியோக்களில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள், இப்போது ஒரு குட்டி வீடியோவைக் காட்டி மூன்று கேள்வி. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் 2022 ஜனவரியில் வந்தது. நீங்கள் ஒரு கிளைத்தெருவுக்குள் திரும்பும்போது அந்தத் தெருவைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று ஹைவே கோடில் சேர்த்தார்கள். முன்பெல்லாம் கடக்கத் தொடங்கியவருக்கு மட்டும்தான். பழைய புத்தகத்தை யாராவது அன்போடு கொடுத்தால் வாங்கி அலமாரியில் வையுங்கள்.

பிராக்டிக்கலுக்கு யூடியூபில் ‘கான்கர் டிரைவிங்’, ‘அட்வான்ஸ் டிரைவிங் ஸ்கூல்’ என்கிற இரண்டு சேனல்கள் போதும். முன்னதில் கிளட்ச், ரவுண்டபவுட் போன்றவற்றைப் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். பின்னதில் முழு மாதிரி டெஸ்டுகள் இருக்கும், கற்பவர் செய்யும் தவறைப் பார்த்துக்கொண்டே இது மைனரா சீரியஸா என்று நீங்களும் கணிக்கலாம். கணித்துப் பாருங்கள், பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வீர்கள், அதுதான் பாடம்.

மதிப்பெண் முறை எளிது: 15 மைனர் வரை பாஸ், ஒரே ஒரு சீரியஸ் அல்லது டேஞ்சரஸ் வந்தால் ஃபெயில். கவ் டாட் யுகேவில் ‘உங்கள் டெஸ்ட் முடிவைப் புரிந்துகொள்வது’ என்கிற பக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு தலைப்புக்கும் எது மைனர், எது சீரியஸ், எது டேஞ்சரஸ் என்று உதாரணத்தோடு போட்டிருக்கிறார்கள். எக்ஸாமினர்களுக்கான வழிகாட்டி நூலையே வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். வினாத்தாளைத் திருத்துபவரின் குறிப்பேடு கையில் கிடைத்த மாதிரி இது, ஆனாலும் நூற்றில் ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை. நான் இரண்டாவது தடவைக்கு முன்னால் அந்தத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்தேன். வார இறுதியில் ஓட்டும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட வேண்டும், எதுவும் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். முதல் நாள் நாற்பது நிமிடத்தில் கண்ணாடி பார்க்கவில்லை என்று மட்டும் பதினேழு கோடு. பேசக் கூடாது என்பதைத்தான் அவரால் காப்பாற்ற முடியவில்லை.

கண்ணாடி விஷயம் சாதாரணமில்லை. சென்னையில் என் காரின் இடது கண்ணாடி வருஷம் முழுக்க மடக்கியே இருக்கும், பைக்காரர்கள் தட்டிவிட்டுப் போகாமல் இருக்க. பதினோரு வருஷம் இடது பக்கத்தைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறேன் என்பது இங்கே வந்துதான் உறைத்தது. என் முதல் பிராக்டிக்கலில் மொத்தம் நாலே மைனர். ஆனால் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி கிளம்பச் சொன்னபோது, வலது கண்ணாடியைப் பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், நகர்ந்தேன். தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் படாத அந்த இடத்தில் ஒரு சைக்கிள்காரி. எக்ஸாமினர் ‘ஸ்டாப்’ என்று மட்டும்தான் சொன்னார். அதற்கப்புறம் முப்பது நிமிடம் அருமையாக ஓட்டி என்ன பயன்? ஃபெயிலாவதற்கான முக்கியக் காரணங்களை டிவிஎஸ்ஏ பட்டியலாக வெளியிடுகிறது. சந்திப்புகளில் சரியாகப் பார்க்காதது முதலிடம், திரும்பும் முன் கண்ணாடி பார்க்காதது, பாதுகாப்பாகக் கிளம்பாதது எல்லாம் அடுத்தடுத்து. இங்கே பிராக்டிக்கலுக்குப் போகிறவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே பாஸாகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், அனுபவம் இருக்கிறது என்ற தைரியத்தில் வகுப்பே எடுக்காமல் போகாதீர்கள். நாலைந்து வகுப்பாவது ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள். தலையைத் திருப்பினீர்களா என்று யூடியூப் பார்த்துக்கொண்டிருக்காது.

டெஸ்ட் ரூட் வீடியோக்கள் என்று ஒவ்வொரு சென்டருக்கும் குவிந்து கிடக்கின்றன. அதிகாரபூர்வ ரூட்டுகளை 2010-லேயே வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள், இவை எல்லாம் ஆட்கள் பின்தொடர்ந்தும் கேட்டும் சேர்த்தவை. மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள், வழி தப்பிப் போனால் மதிப்பெண் குறையாது, தப்பாகப் போகும்போதும் ஒழுங்காக ஓட்டினால் போதும். ஆனால் ஒரு பயன் உண்டு. சென்டரைச் சுற்றி இருக்கும் நாலைந்து பெரிய ரவுண்டபவுட்டுகளைக் கூகுள் மேப்ஸின் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், தரையில் எழுதியிருக்கும் அம்புக்குறிகளும் சாலை எண்களும் தெரியும், எந்த லேன் எங்கே போகிறது என்று விரல் வைத்துப் போய்ப் பார்க்கலாம். அப்படியே ஸ்ட்ரீட் வியூவில் இறங்கி, வேக வரம்பு 30-லிருந்து 20-ஆக மாறும் பலகை எந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். வேல்ஸில் இருந்தால் 2023 செப்டம்பரிலிருந்து குடியிருப்புப் பகுதிகளில் பொதுவாகவே 20-தான்.

காரின் பாகங்களைப் பற்றி எக்ஸாமினர் ‘காட்டு, சொல்லு’ என்று கேட்கும் ‘ஷோ மீ, டெல் மீ’ கேள்விகளைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். முழுப் பட்டியலும் பதிலோடு கவ் டாட் யுகேவில் இருக்கிறது, டயர் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வகையறா. ஒரு சாயங்காலம் போதும். தப்பாகச் சொன்னாலும் ஒரு மைனர்தான். ஓட்டிக்கொண்டே பின்கண்ணாடியைத் துடைக்கச் சொல்லலாம், அதற்கு எந்தக் குமிழ் என்று டெஸ்டுக்குப் போகும் காரில் தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தேதி கிடைக்கவில்லை என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிறவர்களிடம் போகாதீர்கள். ‘டெஸ்டே வேண்டாம், லைசென்ஸ் கையில்’ என்று நம் ஆட்கள் குழுவிலேயே விளம்பரம் வருகிறது; அது மோசடி, காசும் போகும், பாஸ்போர்ட் விவரமும் போகும். அரசுத் தளத்தில் புதுத் தேதிகள் திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் திறக்கும், அலாரம் வைத்து உட்காருங்கள். கிடைத்த தேதியை மாற்றவோ ரத்து செய்யவோ நினைத்தால் முழுதாக 10 வேலை நாட்களுக்கு முன்பே செய்ய வேண்டும், 2025 ஏப்ரலுக்கு முன்னால் மூன்று நாள் போதும் என்று இருந்தது. தாமதமானால் பணம் திரும்பி வராது. டெஸ்ட் நாளன்று புரொவிஷனல் அட்டையை எடுத்துப் போகாவிட்டாலும் அதே கதிதான். வாசலிலேயே 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை வாசிக்கச் சொல்வார்கள், முடியாவிட்டால் டெஸ்ட் அங்கேயே முடிந்தது, கண்ணாடி போடுபவர் என்றால் மறக்காமல் போட்டுக்கொண்டு போங்கள்.

கடைசிக் கேள்வி, மேனுவலா ஆட்டோமேட்டிக்கா. ஆட்டோமேட்டிக்கில் பாஸானால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், மேனுவலில் பாஸானால் இரண்டும். கோவையில் மேனுவல் ஓட்டியவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். இங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான், ஸ்டீயரிங் வலப்பக்கம்தான், கியர் அதே இடது கைக்குத்தான், ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு இருக்கிற குழப்பம்கூட நமக்கு இல்லை. ஊரிலும் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டினீர்கள் என்றால், இருக்கிற ஐந்து மாதத்தில் கிளட்சோடு மல்லுக்கட்டாமல் ஆட்டோமேட்டிக்கிலேயே போங்கள். கிளட்சுக்குச் செலவாகும் கவனத்தை இடது கண்ணாடிக்குக் கொடுக்கலாம்.